தங்க ராக்கெட் லேபிளும் என் கம்பைல் பைத்தியமும்

போன வாரம் பி.எஃப். பேப்பர் ஒன்றில் கையெழுத்துப் போட நம் பிரஸ்ஸின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்திருந்தேன். உள்ளே நுழையும்போதே சண்டைச் சத்தம். புதிதாகச் சேர்ந்த உங்களில் இரண்டு பேர் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். யாரோ கம்பைல் செய்து வைத்த ரெடிமேட் பேக்கேஜை எடுத்துப் போட்டால் போதாதா என்கிறார் ஒருவர். அது சோம்பேறி வேலை, சோர்ஸை எடுத்து நாமே கம்பைல் செய்தால்தான் அது நம் சாஃப்ட்வேர் என்கிறார் இன்னொருவர். நான் கதவோரம் நின்று முழுவதையும் கேட்டேன். எனக்குப் புல்லரித்துவிட்டது. இதே சண்டையை இரண்டாயிரத்து எட்டில் எனக்குள்ளேயே போட்டு, ஒரு குடும்பத்தின் முதல் தீபாவளி சீசனைக் கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்தால் மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகும் என்று உங்கள் மேனேஜருக்குத் தெரியும், மெதுவாக என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டார். அதனால் எழுதித் தருகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படியுங்கள்.

விருதுநகர்க்காரனுக்கு இந்தச் சண்டையை விளக்க மிளகாய் போதும். வத்தல் வாங்கி, காம்பு கிள்ளி, வெயிலில் போட்டு, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வாங்கினால் அது சோர்ஸ், அதாவது மனுஷன் எழுதிய நிரல்; அந்த அரைப்புதான் கம்பைல். கடையில் பாக்கெட் பொடி வாங்கினால் அது பைனரி. முதலாவதில் என்ன விழுகிறது என்று கண்ணால் பார்க்கலாம், காரமும் நம் இஷ்டம், ஆனால் அரைநாள் போய்விடும். இரண்டாவதில் பாக்கெட்டைக் கத்தரித்தால் குழம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அரைத்தவரைத்தான் நம்ப வேண்டும். இவற்றைக் கொண்டுவந்து தரும் பேக்கேஜ் மேனேஜர் என்ற சாஃப்ட்வேர்தான் கடைக்காரர். சில கடைக்காரர்கள் பொடி மட்டும் தருவார்கள். சிலர் வத்தலையும் தந்து மில்லையும் நம் வீட்டுக்கே அனுப்பிவைப்பார்கள். நான் அந்த இரண்டாம் வகைக் கடைக்காரரின் பரம பக்தனாக இருந்தேன்.

பக்தி சும்மா வரவில்லை. அப்போது நம் பிரஸ் சிவகாசியில் ஒரே கட்டடத்தில் இருந்தது. வருஷத்தில் பாதி காலண்டர், மீதிப் பாதி பட்டாசு லேபிள். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். திருட்டு சாஃப்ட்வேர் வைத்திருக்கும் பிரஸ்களில் ரெய்டு வருகிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மறுவாரமே என்னை வேலைக்கு எடுத்து, எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றச் சொன்னார். வந்த புதிதில் நானும் ரெடிமேட் ஆள்தான். ஒருநாள், எழுத்துருக்களைப் பார்க்க உதவும் குட்டி சாஃப்ட்வேர் ஒன்றை யாரோ ஊர்பேர் தெரியாத ஒருவரின் தளத்திலிருந்து பைனரியாக எடுத்துப் போட்டேன். அது எழுத்துருவை அழகாகக் காட்டியது. கூடவே, எங்கள் மெஷினிலிருந்து உலகம் முழுக்க விளம்பர மெயில் அனுப்பிக்கொண்டும் இருந்தது. இரண்டு நாள் கழித்து இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் லைனைத் துண்டித்துவிட்டார்கள்.

அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். "ஏப்பா, நம்ம கம்பெனியில இருந்து ஊர்ல இருக்கவன் எல்லாருக்கும் உடம்பக் குறைக்கிற மாத்திரை விக்கிறமாமே, எப்ப இருந்து?"

அன்றைக்குப் பட்ட வெட்கத்தில்தான் நான் சோர்ஸ் பக்கம் போனேன். இனி என் கண்ணில் படாத எதுவும் இந்த மெஷினுக்குள் போகாது என்று முடிவு செய்தேன். சிஸ்டத்தின் மையமான கர்னல் முதல் கால்குலேட்டர் வரைக்கும் எல்லாவற்றையும் நானே கம்பைல் செய்தேன்.

அந்தப் பக்திக்கு வரமும் கிடைத்தது. பட்டாசு லேபிளில் தங்க நிறம் தனி மை. சாதாரண நான்கு நிறங்களோடு ஐந்தாவதாகத் தங்கம் தனி பிலிமில் விழ வேண்டும், அந்த பிலிமிலிருந்து அச்சடிக்கத் தனி பிளேட் போட வேண்டும். நிறங்களைப் பிரித்து பிலிமுக்கு அனுப்பும் சாஃப்ட்வேர் அதைச் செய்யாமல் தங்கத்தை மற்ற நான்கு நிறங்களோடு கரைத்துவிட்டது. நான் சோர்ஸைத் திறந்து உட்கார்ந்தேன். நாலு நாள் படித்து, அது எங்கே கரைக்கிறது என்று கண்டுபிடித்து, சில வரிகளை மாற்றினேன். ஐந்தாம் நாள் தங்கம் தனியாக வந்து நின்றது. அண்ணாச்சி அந்த லேபிளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. பைனரி மட்டும் போட்டிருந்தால் அந்த வரிகளுக்கு நான் எங்கே போயிருப்பேன்?

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கம்பைல் செய்யும்போது, இந்த புராசஸருக்கு மட்டும் ஏற்றபடி செய் என்று சொல்லும் வசதி உண்டு. அப்படிச் செய்தால் கொஞ்சம் வேகமாக ஓடும், ஆனால் பழைய வகை புராசஸரில் ஓடாது. ஒரு ஆளுக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. நாங்கள் புதிதாக வாங்கிய மெஷினுக்கு அப்படி அளவெடுத்து மொத்த சிஸ்டத்தையும் இரண்டு நாள் கம்பைல் செய்தேன். அதற்கு முன் பத்து நிமிஷம் எடுத்த வேலை ஒன்பதரை நிமிஷத்தில் முடிந்தது. அந்த அரை நிமிஷத்துக்காக நான் ஆபீஸ் முழுக்க வடை வாங்கிக் கொடுத்தேன்.

இனிதான் விஷயம்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஊரே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பிய மறுவாரம். அந்த வருஷம் கரண்ட் கட் நேரம் வைத்து நடந்தது. எங்கள் பக்கத்துக்குப் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. அச்சு மெஷினும் பிலிம் அறையும் ஜெனரேட்டரில் ஓடும். முந்தின நாள் யாரோ கம்ப்யூட்டர் அறையையும் ஜெனரேட்டரில் மாட்டிவிட, மாற்றும்போது விழுந்த அடியில் என் அளவெடுத்த மெஷினின் மதர்போர்டு போய்விட்டது. காலையில் வந்து பட்டனை அழுத்தினால் ஃபேன்கூடச் சுற்றவில்லை. டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. அதே மாதிரி போர்டு மதுரையிலிருந்து வர மூன்று நாள் என்றார்கள். வெளியே பிலிம் எடுத்துத் தரும் கடைகளை அண்ணாச்சி கேட்டுப் பார்த்தார். சீசனில் எல்லா இடத்திலும் வரிசை நின்றது.

அன்று பிலிமுக்குப் போக வேண்டியது ஒரே ஒரு லேபிள். அந்த லேபிளுக்குச் சொந்தக்காரி முத்துமாரி, வெம்பக்கோட்டைப் பக்கம். அவர் புருஷன் பல வருஷம் அடுத்தவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அந்த வருஷம்தான் ஒரு சின்ன பேக்டரியைக் குத்தகைக்கு எடுத்து, சொந்தப் பெயரில் ராக்கெட் போட ஆரம்பித்திருந்தார்கள். வேலை நடக்கும்போது போர்மேன் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பதால் வெளிவேலை எல்லாம் முத்துமாரிதான். வடக்கே ஒரு வியாபாரி சாம்பிள் லேபிளில் இருந்த தங்க ராக்கெட்டைப் பார்த்துவிட்டு, செய்தது முழுவதையும் அனுப்பச் சொல்லியிருந்தார். அதற்கான லாரி மறுநாள் மாலை ஐந்து மணிக்கு.

காலை ஒன்பதுக்கே முத்துமாரி வந்துவிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, பெட்டியெல்லாம் மொட்டையா அடுக்கி வச்சிருக்கோம். லேபிள் இல்லாம லாரில ஏத்த மாட்டாக" என்றார். "இந்த லாரிய விட்டா அடுத்தது பத்து நாளைக்கு அப்புறம். அதுக்குள்ள அவரு வேற ஆள்ட்ட சரக்கு எடுத்துருவாரு. எங்க லைசென்ஸுக்கு இம்புட்டுச் சரக்க வச்சிருக்கவும் முடியாது, மேக்கொண்டு செய்யவும் முடியாது. சீசன் அம்புட்டுத்தான்."

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அச்சடித்து, மை காய்ந்து, வெட்டி, ஒட்ட வேண்டும். பகல் பன்னிரண்டரைக்குள் பிலிம் வெளியே வந்தால்தான் லாரியைப் பிடிக்க முடியும். முத்துமாரி என் அறைக்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போதும் பயம் வரவில்லை. டிஸ்க் இருக்கிறதே. டிசைன் அறையில் கிடந்த ஒரு பழைய மெஷினில் அதை மாட்டினேன். திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி வந்து நின்றுவிட்டது, இது சட்டவிரோதமான கட்டளை என்று. புது புராசஸருக்கென்று அளவெடுத்துச் செய்த சாஃப்ட்வேரைப் பழைய புராசஸருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆனால் பின்னால் நின்ற அண்ணாச்சி அந்த வார்த்தையைப் படித்துவிட்டார்.

"இல்லீகல்னு போட்டிருக்கே. ஏலே, ரெய்டுக்குப் பயந்துதான உன்னயக் கூட்டியாந்தேன்?"

அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. டிஸ்கில் இருந்த லேபிள் கோப்பு பத்திரம், நான் மாற்றிய சோர்ஸும் பத்திரம். ஆனால் கம்பைல் செய்து வைத்திருந்த ஒரு சாஃப்ட்வேர்கூட இந்த மெஷினில் ஓடாது. இரண்டு வருஷ உழைப்பு முழுவதும் செத்துப்போன ஒரே ஒரு மெஷினுக்காகச் செய்யப்பட்டிருந்தது. இன்னொரு மெஷினில் ஒருமுறை மாட்டிப் பார்த்திருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதீர்கள். அந்தக் கிழட்டு மெஷினை ஒரு இன்ஸ்டலேஷன் சிடியால் எழுப்பி, எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்து மறுபடியும் கம்பைல் செய்ய ஆரம்பித்தேன். வேறு வழி என் மண்டையில் உதிக்கவில்லை. அவசரத்தில் மனுஷன் யோசிக்க மாட்டான், பழகியதைத்தான் செய்வான். திரையில் வரிகள் சரசரவென்று மேலே போக, ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரி எனக்கு ஒரு தெம்பு வேறு.

ஒரு மணிநேரம் ஓடியது. முத்துமாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது, ஓடிக்கிட்டே இருக்கு?"

"கம்பைல் ஆகுதும்மா. ஒவ்வொரு சாஃப்ட்வேரா ஆரம்பத்துல இருந்து செஞ்சுக்கிட்டு வருது."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

நான் திரையைப் பார்த்தபடியே சொன்னேன். "எல்லாம் முடிய நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்."

அவர் கத்தவில்லை. ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்தினார். "இம்புட்டும் எங்க லேபிளுக்கா?"

"இப்ப ஓடுறது மவுஸ் அம்பு நகர்றதுக்கு. அடுத்து சன்னல் திறக்குறதுக்கு, படம் காட்டுறதுக்கு. தங்கத்தைப் பிரிக்கிறது கடைசியில வர்ற ஒண்ணே ஒண்ணுதான்."

"அந்த மவுஸு ஓடுறது உங்களுக்குன்னு தனியாவா இருக்கு? ஊர்ல எல்லார்ட்டயும் ஒண்ணுதான?"

"எல்லார்கிட்டயும் ஒண்ணுதான்."

"அப்ப அத எதுக்குண்ணே இன்னைக்கு உக்காந்து செய்றீக?" முத்துமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ராக்கெட்டுக்குக் காகிதக் குளாய நாங்க மாசக்கணக்கா முன்னாலயே வீடு வீடாக் குடுத்து உருட்டி வாங்கிருவோம். காயவச்சு அடுக்கிருவோம். உள்ள அடைக்கிற மருந்த மட்டுந்தான் அன்னன்னைக்குக் கலக்குறது. அதுவும் அன்னைக்கு வேலைக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டுத்தான். மருந்து கலக்குற அன்னைக்கு உக்காந்து குளாய் உருட்டுனா வேல வெளங்குமா?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது அவ்வளவு சரி. தங்கத்தைப் பிரிக்கும் சாஃப்ட்வேரில்தான் என் கை பட்டிருந்தது. மற்றதெல்லாம் குழாய். உலகத்தில் ஆயிரம் பேர் உருட்டிக் காயவைத்து அடுக்கியிருந்த குழாய். அதையும் நானே உருட்டியதில் எனக்கு இருந்தது பெருமை மட்டும்தான்.

ஓடுவதை நிறுத்த இரண்டு விசைகளை அழுத்தினால் போதும். நம்புவீர்களா, அதற்கு எனக்குக் கை வரவில்லை. ஒரு மணிநேரம் ஓடியது வீணாகுமே என்று மனசு அடித்துக்கொண்டது. நாளை மாலை வரை ஓடினாலும் அது வீண்தான் என்று தெரிந்தும் அடித்துக்கொண்டது. நண்பர்களே, உங்கள் வேலையில் கஷ்டமான விசைகள் அந்த இரண்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். வரிகள் நின்றன.

என் மேஜையில் ஒரு டிவிடி கிடந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்தது. எந்தப் பழைய மெஷினிலும் ஓடும்படி கம்பைல் செய்த பைனரி பேக்கேஜ்கள் அதில் நிறைய இருந்தன. ஊர்பேர் தெரியாதவர் தந்ததல்ல, பேக்கேஜ் ஒவ்வொன்றையும் செய்தவரின் டிஜிட்டல் கையெழுத்தோடு சரிபார்க்க முடியும். ஆறு மாதமாக அதன் மேல்தான் என் டீ கிளாஸை வைத்துக்கொண்டிருந்தேன். சட்டையில் துடைத்து உள்ளே போட்டேன். இருபத்தைந்து நிமிஷத்தில் மெஷின் முழுதாக எழுந்து நின்றது. இரண்டு நாள் வேலை, இருபத்தைந்து நிமிஷத்தில். எனக்கு ஒரே சமயத்தில் குதிக்கவும் தோன்றியது, எங்காவது போய் ஒளிந்துகொள்ளவும் தோன்றியது.

அந்த டிவிடியிலேயே நிறம் பிரிக்கும் சாஃப்ட்வேரும் இருந்தது, ஆனால் என் திருத்தம் இல்லாதது. அவசரத்தில் அதைவைத்தே ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பார்த்தோம். எதிர்பார்த்தது மாதிரியே தங்கம் கரைந்து மண் நிறமாகிவிட்டது. அண்ணாச்சி காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"பரவாயில்லப்பா. தூரத்துல இருந்து பாத்தா தங்கம் மாதிரிதான் இருக்கு. நேரம் வேற ஆகுது, இதையே அனுப்பிருவோம்."

நானும் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. முத்துமாரி காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது ராக்கெட்டா, கருவாடா?"

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அண்ணாச்சியும்தான். முத்துமாரி மட்டும் சிரிக்கவில்லை. "அவரு தங்கத்தப் பாத்துத்தான் ஆர்டர் குடுத்தாரு. இதப் போட்டு அனுப்புனா சரக்கு திரும்பி வந்துரும். லேபிள் இல்லாம நிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

சோர்ஸ் பக்தனாக நான் செய்த தப்புக்கு நேர் எதிர்த் தப்பு இது. ரெடிமேடில் கிடைத்ததை வைத்து நம் தேவையைச் சுருக்கிக்கொள்வது. அவசரம் வந்தால் இரண்டுமே நியாயமாகத்தான் தெரியும். நான் பழைய டிஸ்கிலிருந்து என் திருத்தத்தோடு இருந்த சோர்ஸை எடுத்தேன். அது ஒன்றை மட்டும் இந்த மெஷினிலேயே கம்பைல் செய்யப் போட்டேன். காலையில் ஒரு மணிநேரம் ஓடிய அதே மாதிரி வரிகள்தான், ஆனால் இப்போது எதற்காக ஓடுகின்றன என்று எனக்குத் தெரியும். பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. மாதிரி எடுத்தோம். நிறத்துக்கு ஒரு தாளாக வந்ததில், ஐந்தாவது தாளில் ராக்கெட் முழுதாக, தனியாக நின்றது. சந்தோஷத்தில் என் கால் தரையில் இல்லை. பிலிம் அறைக்கு அனுப்பும் பட்டனுக்குக் கை போய்விட்டது.

"இருங்கண்ணே" என்றார் முத்துமாரி. "சாம்பிள் ஒண்ணு கொளுத்திப் பாக்காம நாங்க பெட்டி மூட மாட்டோம்."

"தங்கம் வந்துருச்சேம்மா. பன்னிரண்டுக்குக் கரண்ட் போயிரும்."

"போகட்டும். முழுசா ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

எரிச்சலோடுதான் அடித்துக் கொடுத்தேன். அவர் அதை மேலிருந்து கீழே வரை விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் எச்சரிக்கை வரிகளில் விரல் நின்றது. சரக்கு வடக்கே போவதால் தீயில் கவனம் என்பதை இந்தியிலும் போட்டிருந்தோம்.

"எனக்கு இந்தி வாசிக்கத் தெரியாது. ஆனா அந்த எழுத்தெல்லாம் மேல ஒரு கோட்டப் பிடிச்சுத் தொங்கும். இதுல கோட்டயே காணோம், கட்டம் கட்டமா இருக்கு."

குனிந்து பார்த்தேன். வரிசையாக வெறும் கட்டங்கள். அந்த இந்தி எழுத்துரு பழைய சிஸ்டத்தில் இருந்தது, இந்தப் புது சிஸ்டத்தில் இல்லை. எழுத்துக்குப் பதில் கட்டம் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு இருந்துவிட்டது. எச்சரிக்கை இல்லாத பட்டாசுப் பெட்டி ஒரு லாரி நிறையப் போயிருக்கும். நான் தங்கத்தை மட்டும்தான் பார்த்தேன். காலையிலிருந்து என் பெருமை முழுவதும் அந்த ஒரு நிறத்தில்தான் இருந்தது.

பழைய டிஸ்கிலிருந்து எழுத்துருவை எடுத்துப் போட்டு மறுபடி ஓட்டும்போது ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது, முந்தின நாள் அடிக்குப் பிறகு இந்த அறையை ஜெனரேட்டரில் மாட்டவில்லை, யூ.பி.எஸ். தாங்குவது இருபது நிமிஷம்தான். ஒவ்வொரு நிறமாகப் போனது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பீப் சத்தம் நெருக்கமாகும்போது தங்கமும் போய்ச் சேர்ந்தது. பிலிம் அறையிலிருந்து ஒருவர் ஐந்து பிலிமையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். முத்துமாரி முதலில் கறுப்பு பிலிமை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்து இந்தி எழுத்தின் மேல்கோட்டைத் தேடினார். இருந்தது. அதற்கப்புறம்தான் தங்கத்தைப் பார்த்தார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு லாரி கிளம்பியது. நான் வேலையைப் போட்டுவிட்டு வெம்பக்கோட்டைக்குப் போய் அது கிளம்புவதை நின்று பார்த்தேன். கடைசிப் பெட்டியில் லேபிள் இன்னும் ஈரமாக இருந்ததாகச் சொன்னார்கள். முத்துமாரியின் புருஷனை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கம் நல்லா விழுந்திருக்குண்ணே" என்றார். நான் முந்தின நாள் காலையில் என்ன கூத்தடித்தேன் என்று முத்துமாரி அவரிடம் சொல்லவில்லை என்று புரிந்தது. அவ்வளவு நன்றியாக இருந்தது எனக்கு.

அங்கேயே குழாய்க் கூடத்தையும் பார்த்தேன். உத்தரம் வரைக்கும் காய்ந்த குழாய். தூரத்தில், தனியாக, மருந்து கலக்கும் சின்ன அறை. அன்றைய வேலைக்கு மேல் ஒரு பிடிகூட அங்கே வைப்பதில்லை என்றார் அவர். மறுநாள் பிரஸ்ஸுக்கு வந்து என் அறையையும் அப்படிப் பிரித்தேன். அடிப்படை எல்லாம் நம்பிக்கையான இடத்திலிருந்து வரும் பைனரி. நம் கை பட்டது மட்டும் சோர்ஸ், அதில் என்ன மாற்றினோம் ஏன் மாற்றினோம் என்று ஒரு நோட்டில். எதையும் ஒரே மெஷினுக்கு அளவெடுப்பதில்லை. இரண்டாவது மெஷினில் ஓடிக் காட்டாத எதுவும் வேலைக்கு வராது. நீங்கள் இப்போது உபயோகிக்கும் முறைக்கு ஆரம்பம் அதுதான். அந்த நோட்டு இன்னும் உங்கள் பீரோவில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஆகவே டீயை ஆறவைத்த இரண்டு பேருக்கும் சொல்கிறேன். உங்கள் இருவருக்கும் பதில் ஒன்றல்ல. ரெடிமேட்காரரே, உங்களை நான் கேட்பது, இதில் கருவாடாகப் போவது எது? சோர்ஸ்காரரே, உங்களை நான் கேட்பது, இதில் குழாய் எது? அதைச் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடருங்கள், நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.

அடுத்த வருஷம் வைகாசியிலேயே முத்துமாரி வந்தார். இரண்டாவது சீசன், லேபிள் மூன்று வகை ஆகியிருந்தது. ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டே என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணே, குளாயெல்லாம் காஞ்சிருச்சா?"

எழுந்து இரண்டாவது மெஷினைப் போட்டேன். போன வருஷத்து ராக்கெட் லேபிளை அதிலிருந்து முழுதாக ஒன்று அடித்து அவர் கையில் கொடுத்தேன். தங்கத்தின் பக்கம் அவர் கண் போகவே இல்லை. நேராகக் கீழே போய், இந்தி எழுத்துகளின் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நகர்த்தினார். பிறகு ஆர்டரை என் மேஜையில் வைத்தார்.